அது டெம்ப்ளேட் படம் அல்ல

நான் கடைசியாக வேலை செய்த நிறுவனத்துப் பிள்ளைகள் சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மட்டக்களப்பு நகரில் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் இணையத்தளம் செய்து கொடுக்கிற சிறிய நிறுவனம் அது. தங்களுடைய தளத்தில் போடுவதற்கு என் பழைய அனுபவம் ஒன்றை எழுதித் தரும்படி கேட்டார்கள். "மோடம் காலத்துக் கதை ஏதும் எழுதுங்க அன்டி, கொஞ்சம் சிரிப்பா இருந்தா நல்லம்" என்றாள் ஒருத்தி. பிறகு தாங்கள் இப்போது செய்யும் வேலையைக் காட்டினார்கள். வாகனம் விற்பவர்களுக்கான டெம்ப்ளேட், முன்கூட்டியே செய்துவைத்த தள அமைப்பு. வாகனத்தின் பெயரையும் வருடத்தையும் எழுதினால் போதும், படம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

"ஆக்கள் படம் எடுத்து அனுப்பப் பஞ்சிப்படுறாங்க அன்டி. படம் இல்லாட்டியும் பிரச்சினை இல்ல, டெம்ப்ளேட்டே ஒண்டப் போட்டிரும்."

பிள்ளைகளுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சிரிப்பான கதை என்னிடம் இல்லை. இருப்பதை எழுதுகிறேன். அதைத் தளத்தில் போடுவதும் போடாமல் விடுவதும் அவர்கள் விருப்பம்.

நான் தொழிலுக்கு வந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோத்தேன். கணினி வந்ததும் தட்டச்சுப் பழகினேன். கொழும்பில் உறவினர் வீட்டில் தங்கி இணையப் பக்கம் அமைக்கும் வகுப்புக்குப் போனேன். கல்யாணம் முடித்துச் செட்டிபாளையத்தில் குடியேறிய பிறகு, கல்லடியில் ஒரு கணினி வகுப்பில் படிப்பித்தேன். அந்த வகுப்பைச் சுனாமி கொண்டுபோனது. எங்களிடம் படித்தவர்களில் சிலரையும் கொண்டுபோனது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்துக்கு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் வந்து குவிந்தன. எல்லோருக்கும் வாகனம் வேண்டியிருந்தது. நகருக்கு வெளியே, வாவிக் கரையை ஒட்டிய வளவில் பழைய வாகனங்கள் வாங்கி விற்றுக்கொண்டிருந்த ஒருவருக்கு அது நல்ல காலமாக அமைந்தது. அவர்தான் என் முதலாளி. பெயரை எழுதவில்லை, அவருடைய பேரப்பிள்ளைகள் இந்த ஊரில்தான் படிக்கிறார்கள். தன் வியாபாரத்துக்கு இணையத்தளம் வேண்டும் என்று ஆசைப்பட்டு, அதைப் பார்த்துக்கொள்ள என்னை வேலைக்கு எடுத்தார்.

முதலாளி சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் அவருக்கு மகள்கள்தான். காலையில் வந்ததும் ஒவ்வொரு வாகனத்தின் முன்மூடியையும் தன் சொந்தக் கைலேஞ்சியால் ஒரு தரம் துடைப்பார். யாராவது முறைப்பாட்டோடு வந்தால் முதலில் கதிரை போட்டு உட்கார்த்துவார், சோடா வரவழைப்பார், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரிப்பார். வந்தவர் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டுப் போவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதை நல்ல குணம் என்றே முதலில் நினைத்தேன். அது அவருடைய தொழில் என்று தெரியக் கொஞ்சக் காலம் எடுத்தது.

நான் போனபோது தளம் ஏற்கெனவே இருந்தது. கொழும்பிலிருந்து ஓர் இளைஞர் அமெரிக்க டெம்ப்ளேட் ஒன்றைச் சீடியில் கொண்டுவந்து ஏற்றிக் கொடுத்திருந்தார். விலை டொலரில், ஓடிய தூரம் மைலில், பின்னால் பனி மூடிய மலை. அந்த மலைக்கு முன்னால் ஒரு வெள்ளிநிறக் கார். வளவில் நின்ற வான், ஜீப், லொறி அத்தனைக்கும் அந்த ஒரே வெள்ளிநிறக் காரின் படம்தான்.

அந்தக் காலத்தில் எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் மத்திய கிழக்கில் வேலை செய்தவர்கள். தளத்தைப் பார்த்து அங்கிருந்தே பேசி முடிப்பார்கள், ஊரில் உள்ள தம்பியோ மைத்துனனோ வந்து வாகனத்தை எடுத்துப் போவார்கள். முதலாளி கரையோரத்தில் கடல்தண்ணீர் புகுந்த வான்களை மலிவாக வாங்கி, கழுவிப் பூசி அவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார். கால்மிதியைத் தூக்கினால் கடல்மணல். வளவில் மெக்கானிக்காக இருந்த நசீர் காக்கா ஏறாவூர்க்காரர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், எங்கள் எல்லோருக்கும் அவர் காக்காதான். "வயரெல்லாம் உப்புப் பூத்திரிக்கி தங்கச்சி. இது ஒரு மழைக்கும் தாங்காது" என்று என்னிடம் முணுமுணுப்பார்.

ஒருநாள் சவூதியிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கத்தினார்.

"தங்கச்சி, நீங்க படத்தில போட்ட வாகனம் எங்க? என்ட தம்பிக்கிட்டக் குடுத்த வாகனம் எங்க? புள்ளைகள ஏத்திக்கிட்டுப் போற வழியில புகைஞ்சி நிண்டிரிக்கி. அதுக்குள்ள புள்ளைகள் இரிந்தது தெரியுமா உங்களுக்கு?"

தொலைபேசியை வைத்துவிட்டு நேரே முதலாளியிடம் போனேன். "இனி எல்லா வாகனத்தையும் நானே படம் எடுத்துப் போடுறன். ஏலாது எண்டா வேற ஆளப் பாருங்க" என்றேன். அவர் சிரித்தார். "அதுக்கென்ன மகள், எடுங்களன். நல்ல கமரா ஒண்டு வாங்கித் தாறன்" என்றார். வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் நம்பிக்கை இழந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. உண்மையான படம் அந்தத் தளத்துக்கு வந்தது அப்படித்தான்.

அந்த வேலையை நான் ஒழுங்காகச் செய்தேன். இதில் பெருமைப்படுகிறேன். வெயில் ஏறுவதற்கு முன்பு, வாவிப் பக்கம் முதுகைக் காட்டி நின்று எடுப்பேன், இல்லாவிட்டால் தண்ணீரின் பளபளப்பில் வாகனத்தின் கீறல்கள் மறைந்துவிடும். முன்மூலை, பின்மூலை, சக்கரங்கள், ஓடிய தூரம் காட்டும் மீற்றர், இரண்டு பக்கக் கதவையும் திறந்து உள்ளே இருக்கைகள், பிறகு இயந்திரம், கடைசியாக, வாகனத்துக்கு வாகனம் மாறும் செசி இலக்கம் பொறித்த தகடு. செசி இலக்கம் தளத்தில் வராது, எங்கள் பதிவுக்காக எடுப்பது. படங்களைச் சிறிதாக்கி ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். மோடம் கிறீச்சிட்டுக்கொண்டு வேலை செய்யும், தொலைபேசி லைன் அறுந்தால் தொடக்கத்திலிருந்து மீண்டும் ஏற்ற வேண்டும். மூலப்படங்களைச் சீடியில் எழுதி வைப்பேன்.

டெம்ப்ளேட்டை எங்கள் ஊருக்கு ஏற்றபடி நானே திருத்தினேன். டொலரை ரூபாய் ஆக்கினேன், மைலைக் கிலோமீற்றர் ஆக்கினேன், பனிமலையைத் தூக்கினேன். அதில் 'முன்னைய உரிமையாளர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதைத் தமிழில் மாற்றிக் காட்டியபோது முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது வேணாம் மகள். இத எடுத்திருங்க."

"வாங்குற ஆக்கள் கேப்பாங்க முதலாளி."

"கேக்கிறவங்களுக்கு நான் வாயால சொல்லுறன். இந்த நாட்டில எல்லாத்தையும் எழுதி வைக்கேலாது."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த கிழமை பார்த்தபோது கட்டம் இல்லை. கொழும்பு இளைஞரைக் கொண்டு எடுப்பித்திருந்தார்.

யுத்தம் முடிந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்தது. பல வருடம் அடைபட்டுக் கிடந்த சனம் கூட்டம் கூட்டமாகப் பயணம் போகத் தொடங்கியது. கோயில் பயணம், உறவினர் தேடிப் பயணம், சும்மா பார்க்கிற பயணம். வான்களுக்கு அப்படியொரு கிராக்கி. வளவுக்கு வந்த வான் வந்த சூட்டோடு போனது. அந்த நாட்களில்தான் வெள்ளைநிற டொல்பின் வான் ஒன்று வந்தது. அது வந்த அன்று நான் லீவு. மறுநாள் வந்து வழக்கம்போலப் படம் எடுத்தேன். இலக்கத் தகடு புதிது, வான் பழையது. இருக்கைகளுக்கு யாரோ வீட்டில் தைத்த சிவப்பு உறைகள், ஓரத்தில் மஞ்சள் நாடா. கடைசி இருக்கையின் தலைப்பகுதிக்கு மட்டும் துணி போதவில்லைப் போலும், பூப்போட்ட வேறு துணி போட்டுத் தைத்திருந்தது. அழகாகத்தான் இருந்தது. படத்தை ஏற்றினேன்.

சில நாள் கழித்து ஒரு பெண் வந்தாள். மெலிந்த உடம்பு, நீலச் சேலை, கையில் மடித்த கடதாசி. மாங்கேணியிலிருந்து பஸ் மாறி வந்திருந்தாள். பெயர் சுகந்தி. முதலாளி வழக்கம்போலக் கதிரை போட்டார். அவள் உட்காரவில்லை. கடதாசியை மேசையில் விரித்தாள். வாழைச்சேனையில் ஒரு கொமினிகேஷன் கடையில் எடுத்த கலர் பிரதி, எங்கள் தளத்தின் பக்கம், அந்த வெள்ளை வான்.

"இது என்ட அவர்ட வான்" என்றாள். "வாகரைச் சண்டைக்குள்ள நாங்க இடம்பெயர்ந்து வந்து முகாமில இரிக்கக்குள்ள, செங்கலடிக்கு ஒரு ஹயர் ஓட்டம் எண்டு ரெண்டு பேர் கூட்டிட்டுப் போன. போனவர் போனவர்தான். வானும் இல்ல. இவ்வளவு காலமும் தேடாத இடமில்ல. இப்ப வான் இஞ்ச நிக்கிது. அவர் எங்க?"

அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தது கட்டாரில் வேலை செய்யும் அவளுடைய தம்பி. அக்காவுக்குப் பிழைப்புக்கு ஒரு வான் வாங்கிக் கொடுப்போம் என்று தளத்தில் தேடியிருக்கிறான். தேடிய இடத்தில் அத்தானின் வான் நின்றிருக்கிறது.

முதலாளி படத்தை எடுத்து நிதானமாகப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

"பாவம் மகள் நீங்க. உங்கட கவலை எனக்கு விளங்குது. ஆனா இது எங்கட வாகனம் இல்ல. இது டெம்ப்ளேட் படம்."

"அப்படி எண்டா?"

"இணையத்தளம் வாங்கக்குள்ள அதோட வாற படம் மகள். அமெரிக்காவில இரிந்து வாறது. இப்படி ஒரு வான் இஞ்ச வரவே இல்ல."

சுகந்தி அவரை விழித்துப் பார்த்தாள். டெம்ப்ளேட் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் படத்தில் விரலை வைத்தாள்.

"இந்தக் கவர் நான் தைச்ச. சிவப்புத் துணி காணாம, கடைசிக்கு மட்டும் என்ட சட்டைத் துணியில தைச்ச. என்ட சட்டைத் துணி அமெரிக்காவுக்கு எப்படிப் போன?"

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"யோகா, நீங்க படிச்ச ஆள், விளங்கப்படுத்துங்க. இது டெம்ப்ளேட்டோட வந்த படம்தானே?"

அவருடைய குரல் அப்போதும் இனிமையாகவே இருந்தது. கண் மட்டும் என்னை விட்டு எடுபடவில்லை. அந்தக் காலத்தில் ஆட்களைக் கொண்டுபோய்க் காணாமல் ஆக்கிய வெள்ளை வான் என்றால் என்ன, ஹயர் என்று வந்து கூட்டிப் போகிறவர்கள் யார், அவர்களைப் பற்றி வாய் திறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. எனக்கு வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். இரண்டு பேரும் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய் வந்தவர்கள். எனக்குப் பயம் வந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. நான் வெயிலுக்கு முன் வந்து, குனிந்து நிமிர்ந்து எடுத்த படத்தை, என் வாயாலேயே இல்லாத படம் ஆக்கச் சொல்கிறார்.

"இல்ல முதலாளி," என்றேன். "இது நான் எடுத்த படம். வான் பின் கொட்டிலுக்குள்ள நிக்கிது."

முதலாளி கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் சுகந்தியின் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினேன். கொட்டில் பூட்டியிருந்தது. நசீர் காக்கா எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தார், எதுவும் கேட்காமல் திறப்பை எடுத்துத் திறந்துவிட்டார்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வானைச் சுற்றி ஒருதரம் நடந்தாள். கதவைத் திறந்து ஏறி, ஒவ்வொரு இருக்கைக்கும் கீழே கையை விட்டுத் தேடினாள். கால்மிதிகளைத் தூக்கினாள். சாரதி இருக்கைக்கு மேலே வெயில் மறைக்கும் தட்டை இறக்கிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. சுத்தமாகக் கழுவியிருந்தார்கள். பிறகு சாரதி இருக்கையின் உறையில் முகத்தை வைத்து மணந்தாள்.

"சவுக்காரம் மணக்கிது அக்கா," என்றாள். "அவர்ட மணம் இல்ல."

"இத ஆரு கொண்டு வந்த காக்கா?" என்று நான் கேட்டேன்.

"பேர் தெரியா. ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் வான ஓட்டிக்கிட்டு, மத்தவர் மோட்டார் சைக்கிள்ள. முதலாளி ஆருக்கும் கதிரைய விட்டு எழும்பி நான் கண்டதில்ல. அண்டைக்கு எழும்பி நிண்டார்."

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். கொட்டில் வாசலில் நின்று, "மகள், பஸ் போயிரும், வீட்ட போங்க. நான் விசாரிச்சுச் சொல்லுறன்" என்றார். என்னிடம், "யோகா, நாளைக்கு வரத் தேவையில்ல" என்றார். அதையும் மெதுவாகத்தான் சொன்னார். நான் என் பையையும், மூலப்படங்கள் இருந்த சீடியையும் எடுத்துக்கொண்டு சுகந்தியோடு வெளியேறினேன். அன்று பின்னேரம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து, இயந்திரத்தை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது. என் கணவர் பிள்ளைகளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். என்னை ஒருநாளும் குறை சொல்லாத மனிதர். அன்றும் சொல்லவில்லை.

நானும் சுகந்தியும் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். வான் வாங்கியபோது கொடுத்த காப்புறுதிப் பத்திரம் அவளிடம் இருந்தது. அதில் இருந்த செசி இலக்கமும் என் படத்தில் இருந்த செசி இலக்கமும் ஒன்றுதான். அதிகாரி இரண்டையும் பார்த்தார். பிறகு கணினியில் எங்கள் தளத்தைத் திறந்தார். அந்தப் பக்கத்தில் வெள்ளை வான் இல்லை. பனிமலைக்கு முன்னால் வெள்ளிநிறக் கார் நின்றது. முதலாளிக்கு மவுஸ் பிடிக்கவே தெரியாது, கொழும்பிலிருந்து மாற்றுவித்திருக்கிறார். நான் தூக்கி எறிந்த மலையைத் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

"கணினியில படம் என்ன மாதிரியும் செய்யலாம்தானே" என்றார் அதிகாரி. கொட்டிலைப் போய்ப் பார்த்தார்களாம், வெறும் கொட்டிலாம். முறைப்பாட்டு இலக்கம் ஒன்று தந்தார்கள். வேறொன்றும் தரவில்லை.

பிறகு நடந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது. ஒரு நாள் மாங்கேணியில் சுகந்தியின் வாசலுக்கு அந்த வான் வந்து நின்றது. ஊரில் மதிப்பான ஒருவர் சாவியை நீட்டினார். முதலாளி மனம் இரங்கி வாகனத்தை எங்கேயோ தேடிப் பிடித்து, தன் காசு கொடுத்து மீட்டு அனுப்பியிருக்கிறாராம். முறைப்பாட்டை மட்டும் வாபஸ் எடுக்க வேண்டுமாம்.

"வான் ஆருட்ட இரிந்து வந்த எண்டு அவருக்குத் தெரியும்தானே?" என்று சுகந்தி கேட்டிருக்கிறாள். "அந்தப் பேரச் சொல்லச் சொல்லுங்க. வான் வேணாம்."

மாமியார் கெஞ்சினார். தம்பி கட்டாரிலிருந்து அழுதுகொண்டு பேசினான், பிள்ளையின் சாப்பாட்டுக்காவது எடு அக்கா என்றான். அவள் அசையவில்லை. எனக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள்.

"வான வாங்கினா நான் அவர வித்த மாதிரி அக்கா. எல்லாரும் அண்டையோட கணக்கு முடிஞ்ச எண்டு சொல்லுவாங்க."

வான் திரும்பிப் போனது. ஊர் அவளைப் புத்தி கெட்டவள் என்றது. முதலாளியைத் தர்மவான் என்றது. வாகனத்தைத் தேடிக் கொடுத்த மனிதரை அவமானப்படுத்திவிட்டாள் என்று என்னிடமே ஒருவர் வந்து சொன்னார். அவரை வாசலுக்கு வெளியே விட்டுப் படலையைச் சாத்தினேன். பெயர் அறிந்த ஒருவர் அதைச் சொல்லாமல் இருப்பதற்காகச் செய்தது எப்படித் தர்மம் ஆகும்?

அதன் பிறகு நான் தனியாகவும் நிறுவனங்களிலும் பல வருடம் வேலை செய்தேன். எந்தத் தளத்திலும், விற்கிற பொருள் அல்லாத ஒன்றின் படத்தை ஏற்ற நான் சம்மதித்ததில்லை. பிடிவாதக்காரி என்று பெயர் எடுத்தேன், சில வேலைகள் கைநழுவின. நசீர் காக்காவும் வளவை விட்டு விலகி ஓட்டமாவடியில் சொந்தமாக ஒரு கராஜ் போட்டார். முதலாளி மேலும் மேலும் பெரியவரானார். கோயில் திருவிழாக்களில் அவருக்கு முதல் மாலை.

கடைசிக் காலத்தில் அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஆறுதல் சொல்லப் போகவில்லை. கட்டிலருகே நின்று, "முதலாளி, அந்த வானக் கொண்டு வந்த ரெண்டு பேரும் ஆரு?" என்று கேட்டேன். என்னை அடையாளம் கண்டார். மூச்சு வாங்கியது. "அதெல்லாம் முடிஞ்ச கதை மகள்" என்றார். என் கையைத் தட்டிக்கொடுக்க முயன்றார். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

செத்த வீட்டுக்குப் பெருங்கூட்டம். தெரு நீளத்துக்கு வாகனங்கள். நான் ஓர் ஓரமாக நின்றபோது சுகந்தி படலையால் வருவதைக் கண்டேன். நீண்ட காலத்துக்குப் பிறகு பார்க்கிறேன், தலை பாதி நரைத்திருந்தது. அழ வந்தவள் என்று நினைத்து யாரோ கதிரை போட்டு, சோடா கொடுத்தார்கள். சோடாவைக் குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, சடங்கு முடியும்வரை இருந்தாள். பெட்டியைத் தூக்கப் போகும்போது எழுந்து, முதலாளியின் மூத்த மகனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, உங்கட அப்பா சாகமுன்னம் ஏதும் பேர் சொன்னவரா?"

அவள் சத்தமாகக் கேட்கவில்லை. ஆனாலும் வாசல் முழுக்கக் கேட்டது. மகன் அவளை யாரென்று விளங்காமல் பார்த்தார், பிறகு விளங்கியது. தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்ல."

"சரி" என்றாள். சோடாப் போத்தலைக் கதிரையில் வைத்துவிட்டு நடந்தாள். நானும் பின்னால் போனேன். பெண்கள் சிலர் எங்களைத் திட்டுவது கேட்டது. பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தோம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டார், இனி யாரைக் கேட்பது என்று புலம்பினேன்.

வாழைச்சேனை பஸ் வந்தது. சுகந்தி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏன் அக்கா அழுறீங்க? அவர் செத்தா என்ன. அந்த ரெண்டு பேரும் இன்னும் உசிரோட இரிக்காங்க. அவங்களத் தெரிஞ்ச ஆக்களும் இரிக்காங்க. நானும் இரிக்கன்."